மூன்றாவது முறை மாறுவதற்கு முன்

இன்ஜினியரிங்கில் மூன்று செமஸ்டர், பிறகு பி.காம்., நடுவில் ஒரு கோடிங் கோர்ஸ், இப்போது டி.என்.பி.எஸ்.சி. கோச்சிங். இப்படி ஒரு பிள்ளை இல்லாத தெரு தமிழ்நாட்டில் குறைவு. "ஒண்ணுலயும் நிலையா நிக்க மாட்டேங்கிறான்" என்று வீட்டில் புலம்புவார்கள். பதினேழு வயதில் கட்-ஆஃப் பார்த்து, மாமா சொன்னதைக் கேட்டு எடுத்த முடிவை இருபதில் திருத்துவதில் குற்றமில்லை. ஆனால் மாறுகிறவர்கள் மனசை மட்டும் பார்க்கிறார்கள்; தேதியையும் காகிதத்தையும் பார்ப்பதில்லை. அடி விழுவது அங்கேதான்.

முதலில், இதுவரை விட்டவற்றை ஒரு தாளில் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே, விடுவதற்கு முந்தைய வாரம் என்ன நடந்தது என்று குறியுங்கள். "பிடிக்கலை" என்று எழுதினால் பயனில்லை. பாடமா, ஹாஸ்டலா, கட்டணமா, அரியரா? எல்லாவற்றிலும் ஒரே காரணம் வந்தால் அடுத்த படிப்பிலும் அது வந்து நிற்கும். அரியர்தான் காரணம் என்றால் படிப்பையே விட அவசரப்படாதீர்கள். அண்ணா பல்கலைக்கழக விதிப்படி, நான்காண்டு பி.இ.யை முடிக்க 7 ஆண்டுகள் வரை அவகாசம் உண்டு. இரண்டு செமஸ்டர் மட்டும் மிச்சம் என்றால், முடித்துவிட்டு மாறுவதே என் கட்சி.

காரணம் இருக்கிறது. 'ஏதாவது ஒரு டிகிரி' என்று வாசலில் எழுதி வைத்திருக்கும் கதவுகள் நம் நாட்டில் ஏராளம். மூன்றாண்டு சட்டப்படிப்பு, எம்.பி.ஏ., சமூகப்பணி முதுகலை, வங்கி அதிகாரி தேர்வு, குரூப் 2-இல் பெரும்பாலான பதவிகள், சிவில் சர்வீஸ் என எல்லாமே பட்டம் இருக்கிறதா என்றுதான் முதலில் கேட்கும். பாதியில் நின்ற மூன்று படிப்புகளைச் சேர்த்தாலும் ஒரு பட்டம் ஆகாது. கல்லூரிக்குப் போக முடியாதவர்களுக்கு இக்னோவும் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் இருக்கின்றன. 2022 முதல் ஒரே நேரத்தில் இரண்டு பட்டப்படிப்புகள் படிக்க யு.ஜி.சி. அனுமதிக்கிறது. கோச்சிங் போகிறவர்கள் பக்கத்திலேயே ஒரு தொலைநிலைப் பட்டத்தையும் நகர்த்திக்கொண்டே போகலாம்.

விடுவதுதான் முடிவு என்றால் காலண்டரை எடுங்கள். யு.ஜி.சி.யின் 2018 அறிவிப்பு கட்டணத்தைத் திருப்பித்தருவதற்குப் படிநிலை வைத்திருக்கிறது. சேர்க்கைக்கு அறிவித்த கடைசித் தேதிக்கு 15 நாள் முன்பே விலகினால், சிறு செயல்முறைக் கட்டணம் போக முழுத்தொகை. அதற்குப் பிறகு, கடைசித் தேதிக்குள் என்றால் 90 சதவீதம், அந்தத் தேதி தாண்டி 15 நாளுக்குள் 80, 30 நாளுக்குள் 50, அதற்குமேல் ஒன்றுமில்லை. 'தீபாவளி வரைக்கும் பார்க்கலாம்' என்று இழுப்பதற்கு விலை உண்டு என்பது புரிகிறதா? கல்லூரி அசல் சான்றிதழ்களைப் பிடித்து வைக்கக் கூடாது என்பதும் அதே அறிவிப்பில் இருக்கிறது. விலகல் கடிதத்தை எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதாகத் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். மாற்றுச் சான்றிதழ், நன்னடத்தைச் சான்றிதழ், எழுதிய செமஸ்டர்களின் மதிப்பெண் பட்டியல், வேறு பல்கலைக்கழகம் என்றால் இடப்பெயர்வுச் சான்றிதழ் என எல்லாம் கைக்கு வந்த பிறகுதான் ஹாஸ்டலைக் காலி செய்யவேண்டும். முதல் பட்டதாரி சலுகையிலோ உதவித்தொகையிலோ படித்தவர்கள், புதிய படிப்புக்கும் அது தொடருமா என்பதை விலகுவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

கல்விக் கடன் இருந்தால் வங்கிக்கும் சொல்லவேண்டும். படிக்கும் காலத்தில் தவணை இல்லையே தவிர, வட்டி ஏறிக்கொண்டுதான் இருக்கிறது. படிப்பை நிறுத்தியதை மறைத்தால் தவணை ஒருநாள் மொத்தமாக வந்து நிற்கும். பாதிக்கப்படுவது கூடவே கையெழுத்துப் போட்ட அப்பாவும்தான். வேலை மாறுகிறவர்கள் பி.எஃப். கணக்கை அங்கங்கே விட்டுவிட்டுப் போகாமல், பழைய யு.ஏ.என். எண்ணையே புதிய இடத்தில் கொடுத்தால் போதும்.

அடுத்த பாதையைச் சேருவதற்கு முன்பே சின்னதாக நடந்து பாருங்கள். என்.பி.டெல். பாடங்களைப் படிப்பது இலவசம். தேர்வு எழுதத்தான் கட்டணம். சென்னை ஐ.ஐ.டி.யின் ஆன்லைன் டேட்டா சயின்ஸ் பட்டப்படிப்பில் அடிப்படை நிலையோடோ டிப்ளமோவோடோ நின்றாலும் கையில் ஒரு சான்றிதழ் மிஞ்சும். மாறிக்கொண்டே இருப்பவர்களுக்கு இப்படி இடையில் இறங்க வழியுள்ள படிப்புகளே நல்லது. படிப்பு மட்டுமல்ல, வேலையையும் பாருங்கள். சி.ஏ. சேர நினைப்பவர் செப்டம்பர் மாதத்தில், வரித் தணிக்கைக்கான கெடு நெருங்கும் நேரத்தில், தெரிந்த ஆடிட்டர் அலுவலகத்தில் ஒரு வாரம் உட்கார்ந்து பார்க்கட்டும். விளம்பரம் காட்டாத முகம் அது.

வீட்டில் பேசும்போது கனவைப் பற்றிப் பேசாதீர்கள். தேதியும் தொகையும் சொல்லுங்கள். "அப்பா, அடுத்த குரூப் 4 வரைக்கும் படிக்கிறேன். மாசம் மூவாயிரம் ஆகும், டியூஷன் எடுத்து நானே பார்த்துக்கிறேன். வரலைன்னா வேலைக்குப் போயிடறேன்." இதற்குக் கோபப்படும் அப்பாக்கள் உண்டு, ஆனால் 'எனக்கு இதுதான் பேஷன்' என்பதற்குக் கோபப்படுபவர்களைவிடக் குறைவு. சொன்ன தேதி வந்ததும் நீங்களாகவே பேச்சை எடுக்கவேண்டும்.

இன்டர்வியூவில் இடைவெளியை மறைக்க வேண்டாம். சான்றிதழ் சரிபார்ப்பில் தெரிந்துவிடும். இரண்டு வாக்கியம் போதும்: "மெக்கானிக்கல்ல மூணு செமஸ்டர் படிச்சேன் சார், டிராயிங் கத்துக்கிட்டேன், அது எனக்கு ஒத்துவரலை. பி.காம். முடிச்சேன், ரெண்டு வருஷமா ஒரு கடைக்கு ஜி.எஸ்.டி. கணக்கு பார்க்கிறேன்." அதற்குமேல் அவர்கள் கேட்டால் சொல்லுங்கள், நீங்களாக நீட்டாதீர்கள்.