ஊதா போனால் போதுமா?

அன்புள்ள தம்பிக்கு,

உன் ஆய்வுத் திட்டம் வந்தது. கவாத்து முடிந்ததும் பந்தலடியில் குவிகிற இலையைச் சும்மா விடக்கூடாது என்று நினைத்தாயே, அது நல்ல யோசனை. கம்பம் பள்ளத்தாக்கில் பன்னீர்த் திராட்சை ஆண்டு முழுக்கக் காய்க்கிறது. காமயகவுண்டன்பட்டி, சுருளிப்பட்டி, ஆனைமலையன்பட்டி என்று எந்த மாதம் போனாலும் ஏதாவது ஒரு பந்தலில் கவாத்து நடக்கும். இலைக்குப் பஞ்சமே இல்லை.

என் கோபம் தலைப்பின் மேல்தான். 'மூளை நலத்துக்குத் திராட்சை இலைச் சாறு' என்று போட்டிருக்கிறாய். ஆதாரம் கேட்டால், ஆன்டிஆக்ஸிடன்டைச் சோதிக்கும் ஊதா நிற டிபிபிஎச் கரைசல் மஞ்சளாகிவிட்டது என்கிறாய். டீத்தூளும் புளியங்கொட்டைத் தோலும்கூட அதை மஞ்சளாக்கும். சோதனைக் குழாயிலிருந்து மண்டைக்கு ஒரே தாவலா? உணவுகளுக்கு ஆன்டிஆக்ஸிடன்ட் மதிப்பெண் போட்டு வைத்திருந்த அமெரிக்க வேளாண் துறையே 2012-ல் அந்தப் பட்டியலை இணையத்திலிருந்து எடுத்துவிட்டது. அந்த எண்ணுக்கும் உடம்புக்கும் தொடர்பு காட்ட முடியவில்லை, வியாபாரிகளோ அதை வைத்தே விற்றுக்கொண்டிருந்தார்கள்.

திராட்சையின் ஆன்டிஆக்ஸிடன்டான ரெஸ்வெரட்ரால் என்றதும் எல்லாரும் சிவப்பு ஒயினைப் பிடித்துக்கொள்கிறார்கள். திராட்சையில் அது முதலில் அகப்பட்டது இலையில். 1976-ல் லாங்கேக்கும் பிரைஸும் பூஞ்சை தாக்கிய இலையிலும் புறஊதா ஒளி பட்ட இலையிலும் அதைக் கண்டார்கள். ஒயினில் இருப்பதாகக் கட்டுரை வந்தது 1992-ல். நோய் வரும்போது இலை தனக்காகச் செய்துகொள்கிற மருந்து அது. நம் மூளையை நினைத்து எந்தக் கொடியும் எதையும் செய்வதில்லை.

இங்கே என் கட்சியைச் சொல்லிவிடுகிறேன். அடிச்சாம்பல் நோய் வருமுன்பே போர்டோ கலவை அடித்துக் காப்பாற்றிய இலைக்கு ரெஸ்வெரட்ரால் எதற்கு? அந்தக் கலவையின் கதையே சுவையானது. பிரான்சின் மெடோக் பகுதியில், வழிப்போக்கர் பழம் பறிக்காதிருக்கச் சாலையோரக் கொடிகளில் மயில்துத்தமும் சுண்ணாம்பும் தெளித்திருந்தார்கள். அந்தக் கொடிகள் மட்டும் நோயிலிருந்து தப்பியதை மில்லார்டே என்ற தாவரவியலாளர் கவனித்து 1885-ல் எழுதினார். தாவர நோயியல் வரலாறு எதை எடுத்தாலும் இந்தப் பக்கத்தைத்தான் முதலில் புரட்டுவேன். உலோக உப்புகளும் இலையைச் சீண்டி ரெஸ்வெரட்ராலைச் செய்ய வைக்கும் என்று எதிர்க்கட்சி சொல்லும். அதுவும் உண்மைதான். ஆகவே மருந்து அடித்த பந்தல், அடிக்காத பந்தல் இரண்டிலிருந்தும் இலை எடுத்து அளந்து பார். நான் பந்தயம் கட்டுவது குவர்செட்டின் என்ற ஃபிளேவனால் மேல். வெயிலின் புறஊதாவுக்குத் திரையாக இலை சேர்த்து வைப்பது அது. பந்தலின் மேல்முகத்து இலையையும் அடிநிழல் இலையையும் ஒரே பையில் போட்டாயானால் உன் எண்களை நான் படிக்கமாட்டேன்.

இலையைத் திருப்பிப் பார், நரம்போரம் நீலம் பாய்ந்த வெள்ளைப் புள்ளிகள் காய்ந்து ஒட்டியிருக்கும். அதுதான் செம்பு. அது குவர்செட்டினைப் பிடித்துக்கொள்ளும், ஆக்ஸிஜனேற்றத்தையும் தூண்டும், உன் நிறமானியையும் ஏமாற்றும். எலுமிச்சை உப்பு கரைத்த நீரில் அலசி, நல்ல தண்ணீரில் கழுவு. இலைக்குள்ளேயே புகுந்த பூஞ்சைக்கொல்லி கழுவினால் போகாது, சாறு சுண்டச் சுண்ட அதுவும் செறியும். எச்சப் பரிசோதனை இல்லாமல் யார் வாயிலும் ஒரு சொட்டு ஊற்றாதே.

பச்சை இலையைக் கசக்காதே, நொதி வேலை செய்து பழுப்பாக்கிவிடும். நிழலில் உலர்த்தி அரை. சுத்த ஆல்கஹால் பச்சையத்தையும் மெழுகையும் இழுத்துக்கொண்டு வரும். ஆல்கஹாலைப் பாதிக்கு மேல், எழுபது சதவீதத்துக்குள் வைத்து மீதியைத் தண்ணீராக்கு, இலையில் குவர்செட்டின் பெரும்பாலும் நீர் விரும்பும் வடிவில்தான் இருக்கிறது. பழுப்புப் பாட்டிலில் வை, வெளிச்சத்தில் ரெஸ்வெரட்ரால் உருவம் மாறும்.

மூளைக்கு வருவோம். 2004-ல் வெளியான ஓர் ஆய்வில் 25 மில்லிகிராம் ரெஸ்வெரட்ராலை விழுங்கக் கொடுத்தார்கள். பெரும்பகுதி உடம்பில் சேர்ந்தது. ஆனால் குடலும் கல்லீரலும் அதை உடனே உருமாற்றிவிட்டதால் ரத்தத்தில் மாறாமல் இருந்தது சொற்பம். 2015-ல் வெளிவந்த சோதனையில் அல்சைமர் நோயாளிகள் 119 பேரில் ஒரு சாராருக்கு 52 வாரம், தினமும் இரு வேளை, வேளைக்கு ஒரு கிராம் வரை ரெஸ்வெரட்ரால் கொடுத்தார்கள். மருந்து பெற்றவர்களுக்கு மூளையின் கன அளவு மற்றவர்களைவிட அதிகமாகவே குறைந்தது. வீக்கம் வடிந்ததாயிருக்கலாம் என்று ஆய்வாளர்கள் ஊகித்தார்கள். நினைவாற்றல் கூடியதாக நிறுவவில்லை. ஐரோப்பிய மருந்து முகமை திராட்சை இலையை ஏற்றதோ நரம்புச் சுருட்டலோடு வரும் கால் வீக்கத்துக்கும் கனத்துக்கும்!

தலைப்பிலிருந்து மூளையை எடு. 'கம்பம் பள்ளத்தாக்குத் திராட்சைக் கவாத்து இலையில் ஃபிளேவனால்களும் செம்பு எச்சமும்' என்று போட்டு அனுப்பு, கையெழுத்திடுகிறேன். புவிசார் குறியீடு பெற்ற இலை என்று முன்னுரையில் எழுதியிருக்கிறாயே, அதையும் அடி. 2023-ல் குறியீடு கிடைத்தது பழத்துக்கு.

அன்புடன்,
உன் ஆசிரியர்