கைத்தொலைபேசியில் ஆலய இணையத்தளம்: ஒரு சிறு பாடம்



ஆலயத்திற்குப் புறப்படுமுன் நம்மில் பலர் இன்று முதலில் பார்ப்பது ஆலயத்தின் இணையத்தளத்தையே. அதையும் கைத்தொலைபேசியில்தான் பார்க்கிறோம். கணினித் திரையில் அழகாகத் தோன்றும் பக்கம் கையடக்கத் திரையில் பயன்படாமற் போவதுண்டு. அதற்கான காரணங்களையும் அவற்றைச் சீர்செய்யும் வழிகளையும் இவ்விதழில் கற்போம்.

1. தேவை முதலில்

அடியார்கள் பேருந்திலோ வேலை இடைவேளையிலோ நின்று தேடுபவை சிலவே: பூசை நேரம், இன்றைய விசேடம், முகவரி, தொலைபேசி எண், அர்ச்சனை அல்லது உபயப் பதிவு. இவ்வைந்தும் முதற் பக்கத்தின் மேற்பகுதியில் இருக்க வேண்டும். ஆலய வரலாறும் படத்தொகுப்பும் அவற்றின் கீழே வரலாம். நேரம் மாறினால் அன்றே திருத்துதல் அவசியம். சென்ற ஆண்டின் திருவிழா நேரம் நீக்கப்படாமல் இருந்தால், அதை நம்பி வருபவர் பூட்டிய கதவின் முன் நிற்க நேரிடும்.

2. திரைக்கேற்ற அமைப்பு

2007இல் ஐபோன் வந்தபோது, பெரிய திரைக்கென அமைந்த பக்கங்களை அது 980 புள்ளி அகலமாகக் கருதிச் சுருக்கிக் காட்டியது. எழுத்துகள் எறும்பு போலாயின. 2010 மே மாதத்தில் ஈதன் மார்கொட் என்ற வடிவமைப்பாளர், ஒரே பக்கம் திரையின் அகலத்திற்கேற்பத் தன்னை மாற்றிக்கொள்ளும் முறையை விளக்கினார். இன்று இதுவே பொதுவழக்கு. இதற்குப் பக்கத்தில் ‘வியூபோர்ட்’ என்ற கட்டளை இருக்க வேண்டும். தளத்தை அமைப்பவரிடம் இதைக் கேட்டறியுங்கள். விரல்களால் பெரிதாக்கிப் பார்க்கும் வசதியைத் தடுக்க வேண்டாம் என்றும் சொல்லுங்கள்.

3. விரலுக்கும் கண்ணுக்கும்

தொடவேண்டிய பொத்தான் ஏறத்தாழ 9 மில்லிமீற்றர் அளவாவது இருக்க வேண்டும் என்பது ஆண்ட்ராய்டு வடிவமைப்பாளருக்கான பரிந்துரை. எண்ணைத் தொட்டதும் அழைப்புச் செல்லவும், முகவரியைத் தொட்டதும் வரைபடம் திறக்கவும் செய்யலாம். எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையிலான ஒளி வேறுபாடு 4.5க்கு 1 ஆவது இருக்க வேண்டும் என்பது அனைத்துலக அணுகல் விதி. வெள்ளைப் பின்னணியில் மஞ்சள் எழுத்து இவ்விதிக்குப் பொருந்தாது.

4. தமிழ் எழுத்து

பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்தவை. அந்த எழுத்துரு இல்லாத தொலைபேசியில் பொருளற்ற ஆங்கில எழுத்துகளே தெரியும். யூனிகோடில் தமிழுக்கு 1991இல் வந்த முதற் பதிப்பிலேயே இடம் கிடைத்தது. ஆகவே அனைத்தையும் யூனிகோடிலேயே தட்டச்சுச் செய்ய வேண்டும்.

திருவிழா விஞ்ஞாபனத்தைப் படமாக மட்டும் இடுவதும் ஒரு குறையே. ஏ4 தாள் சிறு திரையில் சுருங்கிவிடும். பார்வை குன்றியவருக்கு எழுத்தை வாசித்துக் காட்டும் கருவிகளுக்கும் படம் இடர் தரும். படத்தை இடலாம், அதிலுள்ள நாளையும் நேரத்தையும் கீழே எழுத்திலும் தரவேண்டும்.

5. படங்களின் பருமன்

கைத்தொலைபேசியில் எடுக்கும் 12 மெகாபிக்சல் படம் சுமார் 4000 புள்ளி அகலமும் சில மெகாபைட் பருமனும் கொண்டது. சிறு திரைக்கு ஏறத்தாழ 1000 புள்ளி அகலம் போதும். தேர்த் திருவிழாப் படங்களைச் சுருக்காமல் இட்டால் பக்கம் திறக்கத் தாமதமாகும். பார்ப்பவரின் டேட்டாவும் வீணாகும்.

பயிற்சி

வெவ்வேறு வயதினர் ஐவரை அழையுங்கள். அவர்களுள் பேரப்பிள்ளை கண்டவர் இருவராவது இருக்கட்டும். தொலைபேசியைக் கொடுத்து, “நாளை மாலைப் பூசை எத்தனை மணிக்கு?” என்று கேளுங்கள். பின்பு வழிகாட்டாமல் அமைதியாகக் கவனியுங்கள். அவர்கள் தடுமாறும் இடங்களே தளத்தில் திருத்தவேண்டிய இடங்கள். ஐந்து பேரைக் கொண்டே பெரும்பாலான குறைகளைக் கண்டறியலாம் என்று யாக்கோப் நீல்சன் என்ற ஆய்வாளர் 2000ஆம் ஆண்டில் எழுதினார்.

பிள்ளைகள் வேலைக்குச் சென்றபின் வீட்டில் தனித்திருக்கும் பெரியவர், எவரையும் எதிர்பாராமல் நேரமறிந்து, பேருந்தேறி, தீபாராதனைக்கு வந்து சேர வேண்டும். நமது தளம் அதற்கு உதவினால் அது பயனுள்ள திருப்பணியே.