மழைக்குக் காத்திருக்கும் இளவேனில்

நுழையும்முன்

பருவத்தை வெயிலால் அளப்போர் உண்டு. பனியால் அளப்போரும் உண்டு. வெப்பமண்டல நாடுகளில் வாழும் மரமும் பறவையும் தேரையும் பருவத்தை மழையால் அளக்கின்றன. நடு அமெரிக்காவில் உள்ள கோஸ்டா ரிக்கா என்னும் சிறிய நாட்டிற்கு மார்ச்சு, ஏப்ரல் மாதங்களில் செல்வோர் இவ்வுண்மையைக் கண்ணாரக் காணலாம். மழையின் கணக்குப் பிழைத்தால் என்ன நேரும் என்பதையும், இழந்த காட்டை ஒரு நாடு எவ்வாறு மீட்டது என்பதையும் இப்பாடம் எடுத்துரைக்கிறது.

ஒரே கோடு, வேறு பெயர்கள்

தமிழர் ஓராண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்தனர். அவற்றுள் சித்திரையும் வைகாசியும் இளவேனில். குளிர்நாட்டார் ஆண்டை நான்காகப் பகுத்து, பனி உருகித் துளிர் விடும் மார்ச்சு முதல் மே வரையிலான காலத்தை வசந்தம் என்றனர். பனியே பெய்யாத நாட்டில் வசந்தம் எவ்வாறு இருக்கும்?

உலகப் படத்தில் மதுரையிலிருந்து மேற்கு நோக்கி ஒரு கோடு வரைந்து பாருங்கள். அக்கோடு அரபிக்கடலையும் ஆப்பிரிக்காவையும் அட்லாண்டிக் பெருங்கடலையும் தென்னமெரிக்காவின் வடகரையையும் கடந்து, கோஸ்டா ரிக்காவின் தலைநகரான சான் ஹோசேயை ஏறத்தாழத் தொடும். இரு நகரங்களும் நிலநடுக்கோட்டிற்கு வடக்கே 10 பாகைக்குச் சற்றுக் குறைவான தொலைவில் உள்ளன. ஆனால் சான் ஹோசே கடல்மட்டத்திலிருந்து 1,100 மீட்டருக்கும் மேலான உயரத்தில் அமைந்திருப்பதால், மதுரையின் வெம்மை அங்கில்லை.

கோஸ்டா ரிக்காவின் பரப்பு ஏறத்தாழ 51,100 சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டின் பரப்பில் பாதியைவிடக் குறைவு. கிழக்கே கரீபியன் கடல், மேற்கே பசிபிக் பெருங்கடல், நடுவே நெடுகிலும் மலைத்தொடர். அங்குள்ள மக்கள் ஆண்டை இரண்டாகவே பகுக்கின்றனர். டிசம்பர் முதல் ஏப்ரல் வரையிலான வறண்ட காலத்தை ‘வெரானோ’ என்கின்றனர். ஸ்பானிய மொழியில் அதற்குக் கோடை என்று பொருள். மே முதல் நவம்பர் வரையிலான மழைக்காலம் ‘இன்வியெர்னோ’, அதாவது குளிர்காலம். ஐரோப்பியர் வசந்தம் என்னும் ஏப்ரல் மாதம், இவர்களுக்குக் கோடையின் இறுதி. மழை வருவதற்கு முந்தைய காத்திருப்புக் காலம் அது.

காற்றும் மலையும்

இச்சிறு நாட்டில் ஒரே நாளில் மூவகை வானிலையைக் காண முடியும். அதற்குக் காரணம் காற்றும் மலையும் ஆகும். வடகிழக்கிலிருந்து வீசும் வியாபாரக் காற்று கரீபியன் கடலின் ஈரத்தைச் சுமந்து வருகிறது. மலையில் மோதி மேலெழும்போது குளிர்ந்து, கிழக்குச் சரிவில் மழையாகப் பொழிகிறது. முகடுகளை முகிலால் மூடுகிறது. ஈரம் இழந்து மேற்குச் சரிவில் இறங்கும்போது வறண்ட காற்றாகிறது. தென்மேற்குப் பருவக்காற்று கேரளத்தை நனைத்துவிட்டுக் கொங்கு நாட்டை மழைமறைவுப் பகுதியாக விட்டுச் செல்வதை நாம் அறிவோம். அதே இயக்கம்தான் இங்கும் நிகழ்கிறது. திசை மட்டுமே வேறு.

மே மாதத்தில் கதிரவனைப் பின்தொடர்ந்து, வெப்பமண்டல மழைப்பட்டை வடக்கே நகர்கிறது. அப்போது மேற்குப் பகுதியிலும் மழை தொடங்குகிறது. ஆகவே, மார்ச்சு, ஏப்ரல் மாதங்களில் மேற்கே இலையுதிர்ந்த காட்டையும், மலைமுகட்டில் முகில் தவழும் காட்டையும், கிழக்கே மழை முற்றிலும் ஓயாத பசுங்காட்டையும் பயணி அடுத்தடுத்துக் காணலாம்.

இலையற்ற கிளையில் பொற்பூக்கள்

வடமேற்கில் உள்ள குவானகாஸ்தே மாநிலம் வறண்ட காடுகளின் இருப்பிடம். நீரைச் சேமிக்கும்பொருட்டு இங்குள்ள மரங்களுள் பெரும்பாலானவை கோடையில் இலைகளை உதிர்க்கின்றன. காடு காய்ந்து கிடப்பதாகத் தோன்றும் அந்நாள்களில்தான், ‘கொர்தேசா அமரில்யா’ என்னும் மரம் இலையற்ற கிளைகளில் மஞ்சள் மலர்களைச் சொரிகிறது. கோடையின் இடையே பெய்யும் சிறுமழை இதன் பூப்பைத் தூண்டுகிறது. ஒரு வட்டாரத்தில் உள்ள இம்மரங்கள் யாவும் ஒன்றாகப் பூத்துச் சில நாள்களிலேயே மலர்களை உதிர்த்துவிடும்.

இஃது அழகுக்கான ஏற்பாடு அன்று. இலை மறைக்காத மலர், தேனீக்களுக்குத் தொலைவிலிருந்தே புலப்படும். காற்றில் பறக்கும் மெல்லிய விதைகள் கோடை முடிவதற்குள் முற்றிவிடும். அவை மண்ணில் விழுந்து கிடக்கையில் முதல் மழை வரும். பூத்தல், காய்த்தல், விதை பரப்புதல் ஆகிய மூன்றும் மழையின் வருகையை நோக்கியே அடுக்கப்பட்டுள்ளன.

விலங்குகளைக் காண்பதற்கும் இக்காலமே ஏற்றது. இலையுதிர்ந்த காட்டில் பார்வை நெடுந்தொலைவு செல்கிறது. ஓடைகள் வற்றுவதால் எஞ்சிய நீர்நிலைகளை உயிர்கள் நாடி வருகின்றன. ஆற்றோர மரங்களில் ஊளைக்குரங்குகளின் முழக்கத்தைக் கேட்கலாம். பாலோ வெர்தே சதுப்பு நிலத்தில் நீர் சுருங்கச் சுருங்க, நாரைகளும் கொக்குகளும் சிறு பரப்பில் திரளாகக் கூடுகின்றன.

தெரிந்து தெளிவோம்
நம் ஊர்ச் சாலையோரங்களில் நிழல்தரும் தூங்குமூஞ்சி மரத்தின் தாயகம் நடு அமெரிக்காவும் தென்னமெரிக்காவின் வடபகுதியும் ஆகும். மாலையில் இலைகளை மடக்கிக் கொள்வதால் இப்பெயர் பெற்றது. கோஸ்டா ரிக்காவின் தேசிய மரமான குவானகாஸ்தேயும் இதே அவரைக் குடும்பத்தைச் சேர்ந்தது.

முகில் காட்டில் ஒரு பறவை

குவானகாஸ்தேயின் வெயிலிலிருந்து மலையேறிச் சில மணி நேரத்தில் மொந்தெவெர்தே முகில் காட்டை அடையலாம். நீலகிரியின் சோலைக்காடுகளைப் போலவே இங்கும் மரங்களைப் பாசியும் பெரணியும் ஆர்க்கிடுகளும் போர்த்தியுள்ளன. மழை பெய்யாத நாள்களிலும் தவழும் முகிலிலிருந்து இலைகள் ஈரத்தை வடித்தெடுக்கின்றன. அந்நீர் சொட்டுச் சொட்டாக மண்ணில் இறங்கி ஓடைகளாகிறது.

இக்காட்டின் புகழ்பெற்ற உயிர் கெட்சல் பறவை. ஆண்பறவை மரகதப் பச்சை மேனியும் செந்நிற வயிறும், உடலைவிட நீண்டு தொங்கும் இறகுகளும் கொண்டது. மார்ச்சு முதல் இவை இணைசேர்ந்து, உளுத்த மரங்களின் பொந்துகளில் கூடமைக்கின்றன. ஆணும் பெண்ணும் மாறி மாறி அடைகாக்கின்றன. ஆண் உள்ளே இருக்கும்போது அதன் நீண்ட இறகுகள் பொந்தின் வாயிலில் பெரணி இலைபோல் தொங்கும்.

காட்டு வெண்ணெய்ப்பழ மரங்களின் சிறு கனிகளே இதன் முதன்மை உணவு. கனியை முழுதாக விழுங்கி, விதையை வேறிடத்தில் உமிழ்வதால் அம்மரங்களைப் பரப்பும் பணியையும் இப்பறவை செய்கிறது. குஞ்சுகள் வளர்ந்தபின், கனிகளைத் தேடி மலைச்சரிவுகளில் கீழிறங்கிச் செல்கிறது. காப்பகத்தின் எல்லையைப் பறவை அறியாது. கீழே உள்ள காடுகள் அழிந்தால் மேலே உள்ள காப்பகத்தால் மட்டும் அதனைக் காக்க இயலாது.

மழையை அழைக்கும் குரல்

பகட்டான பறவைகள் பல இருந்தும், கோஸ்டா ரிக்கா 1977இல் தன் தேசியப் பறவையாகத் தேர்ந்தது மங்கிய பழுப்பு நிறமுடைய ‘யிக்விரோ’ என்னும் சிறு பறவையை. வீட்டுத் தோட்டங்களில் சாதாரணமாகக் காணப்படும் இது, கோடை முடியும் வேளையில் இடைவிடாது பாடுகிறது. இதன் பாட்டே மழையை அழைக்கிறது என்பது உழவர் நம்பிக்கை. உண்மையில், மழை வரும் நாளில் குஞ்சுகளுக்குப் புழு, பூச்சி மிகுதியாகக் கிடைக்கும் என்பதால், அதற்கு முன்பே அது இணைதேடிப் பாடுகிறது. உழவரும் பறவையும் காத்திருப்பது ஒரே மழைக்குத்தான்.

கிழக்குக் கரையிலும் இக்காலம் ஓர் உயிரின் காலமே. மார்ச்சு முதல் தொர்துகேரோ கடற்கரையில், ஓடின்றித் தோல்போன்ற முதுகுடைய பேராமைகள் இரவில் கரையேறி முட்டையிடுகின்றன. விளக்கொளி அவற்றைக் கலங்கச் செய்யும் என்பதால், பயிற்சி பெற்ற வழிகாட்டியுடன் மட்டுமே பார்வையாளர் கரைக்குச் செல்ல இசைவு உண்டு.

பொன் தேரை சொல்லும் பாடம்

மொந்தெவெர்தேயின் முகட்டில், சில சதுர கிலோமீட்டர் பரப்பில் மட்டுமே பொன் தேரை என்னும் உயிர் வாழ்ந்தது. ஆண் தேரைகள் ஒளிரும் செம்மஞ்சள் நிறம் கொண்டவை. ஆண்டின் பெரும்பகுதியை மண்ணுக்குள் மறைந்து கழிக்கும் இவை, ஏப்ரல், மே மாதங்களில் முதல் மழை பெய்ததும் வெளிவரும். மரவேர்களிடையே தேங்கும் சிறு குட்டைகளில் சில நாள்களே கூடி முட்டையிட்டு மீண்டும் மறையும்.

1987ஆம் ஆண்டு இளவேனிலில் 1,500க்கும் மேற்பட்ட தேரைகளை ஆய்வாளர்கள் எண்ணினர். ஆனால் அவ்வாண்டு மழை தொடர்ந்து பெய்யவில்லை. குட்டைகள் வற்றின, முட்டைகளும் தலைப்பிரட்டைகளும் பெரும்பாலும் காய்ந்து மடிந்தன. 1988இல் விரல்விட்டு எண்ணத்தக்க தேரைகளே தென்பட்டன. 1989இல் ஒரே ஓர் ஆண் தேரை மட்டும் குட்டைக்கு வந்தது. அதன்பின் எவரும் அவ்வினத்தைக் காணவில்லை. 2004இல் அஃது அற்றுப்போன இனமாக அறிவிக்கப்பட்டது.

இவ்வழிவுக்குக் காரணம் ஒன்றா பலவா என்பதில் ஆய்வாளரிடையே கருத்து வேறுபாடு உண்டு. எல் நினோ விளைத்த வறட்சி, புவி வெப்பத்தால் முகில் உயர்ந்து செல்லுதல், நீர்நில வாழ்வனவற்றைத் தாக்கும் பூஞ்சை நோய் ஆகியன காரணங்களாகக் கூறப்படுகின்றன. ஒன்று மட்டும் தெளிவு: அத்தேரை வாழ்ந்த காட்டை யாரும் வெட்டவில்லை, அது பாதுகாக்கப்பட்ட காப்பகத்திலேயே மறைந்தது. வேலியிட்டு நிலத்தைக் காக்கலாம்; மழையின் காலக்கணக்கை வேலியிட்டுக் காக்க இயலாது.

மீண்ட காடு

இருப்பினும், மனிதர் மீட்கக்கூடியவையும் உண்டு. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை கோஸ்டா ரிக்காவின் பெரும்பகுதி காடாக இருந்தது. மாட்டிறைச்சி ஏற்றுமதிக்காக மேய்ச்சல் நிலங்கள் பெருகின. 1980களில் காட்டின் பரப்பு நாட்டில் ஏறத்தாழக் கால்பங்காகச் சுருங்கியது. இன்று அது பாதிக்கும் மேல் உயர்ந்துள்ளது.

இம்மாற்றம் தானே நிகழவில்லை. 1996ஆம் ஆண்டின் வனச்சட்டம் இயற்கைக் காட்டை வேறு பயன்பாட்டிற்கு மாற்றுவதைத் தடை செய்தது. காட்டைக் காக்கும் நில உடைமையாளருக்கு அரசு பணம் வழங்கும் திட்டம் 1997இல் தொடங்கியது. கரியை உள்வாங்குதல், நீரைக் காத்தல், பல்லுயிரைப் பேணுதல், இயற்கை எழிலைத் தருதல் ஆகிய நான்கும் காடு செய்யும் பணிகள் என ஏற்கப்பட்டு, அவற்றிற்கு விலை தரப்பட்டது. எரிபொருள் மீதான வரி இதற்குப் பெரிதும் உதவியது. மரத்தை வெட்டினால்தான் வருவாய் என்றிருந்த உழவர், மரம் நின்றாலும் வருவாய் உண்டு என அறிந்தார்.

குவானகாஸ்தேயில் அறிஞர் டேனியல் ஜான்சனும் உள்ளூர் மக்களும் கோடைத்தீயைத் தடுத்தே காட்டை மீட்டனர். ஆப்பிரிக்காவிலிருந்து கொணரப்பட்ட மேய்ச்சல் புல் ஆண்டுதோறும் எரிந்து மரக்கன்றுகளை அழித்து வந்தது. தீ தடுக்கப்பட்டதும், காற்றும் பறவையும் கொணர்ந்த விதைகள் முளைத்துப் புல்வெளியைக் காடாக்கின.

மாணவர்களின் பங்கும் இதில் உண்டு. 1987இல் சுவீடன் நாட்டின் சிற்றூர்ப் பள்ளிச் சிறுவர்கள், மழைக்காடு அழிவதைப் பாடத்தில் கேட்டு வருந்தி, பணம் திரட்டி மொந்தெவெர்தேக்கு அனுப்பினர். 40க்கும் மேற்பட்ட நாடுகளின் சிறுவர்கள் அவர்களைப் பின்பற்றினர். அப்பணத்தால் வாங்கப்பட்ட நிலம் இன்று ‘சிறுவர்களின் நிலைத்த காடு’ என்னும் பெயரில், 22,000 எக்டேருக்கும் மேல் விரிந்துள்ளது.

பயணியின் கடமை

இளவேனிலில் வெப்பமண்டல நாட்டிற்குச் செல்வோர் நல்ல வானிலையைத் தேடிச் செல்கின்றனர். அவர்களுக்கு அது விடுமுறைக் காலம்; அங்குள்ள உயிர்களுக்கோ ஆண்டின் நெருக்கடியான காலம். கூட்டருகே சென்று படமெடுத்தால் பறவை கூட்டைக் கைவிடக்கூடும். வறண்ட காட்டில் எறியும் ஒரு தீக்குச்சி, முப்பது ஆண்டு வளர்ந்த காட்டை எரிக்கக்கூடும். உணவளித்துப் பழக்கிய குரங்கு தன் காட்டுணவை மறக்கும். தொலைநோக்கியுடன் தள்ளி நிற்றலும், வழித்தடம் மீறாதிருத்தலும், உள்ளூர் வழிகாட்டியின் சொல் கேட்டலும் பயணியின் கடமைகள்.

பங்குனி, சித்திரையில் முதுமலைக்கோ சத்தியமங்கலத்திற்கோ செல்வோரும் இதே இலையுதிர்ந்த காட்டையும், இதே நீர்நாடும் விலங்குகளையும் காண்பர். ஒரே வெயிலில், ஒரே மழையை எதிர்நோக்கி, இரு நிலங்களின் காடுகளும் காத்திருக்கின்றன. அம்மழை உரிய நாளில் வருமாறு உலகைப் பேணுவது, பருவங்களுக்குப் பெயரிட்ட மனித இனத்தின் பொறுப்பாகும்.

கற்பவை கற்றபின்
1. உங்கள் ஊரில் பங்குனி, சித்திரை மாதங்களில் பூக்கும் மரங்களையும் கூடுகட்டும் பறவைகளையும் நாள்தோறும் உற்றுநோக்கிக் குறிப்பேடு உருவாக்குக.
2. ‘முதல் மழைக்குப் பின்’ என்னும் தலைப்பில் ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டறிந்த செய்திகளை வகுப்பில் பகிர்க.

சொல்லும் பொருளும்
முகடு – மலையுச்சி. உளுத்த – உட்புறம் அரிக்கப்பட்ட. தலைப்பிரட்டை – தேரை, தவளையின் இளம் பருவ உயிர். பகட்டு – வெளித்தோற்றப் பொலிவு

இலக்கணக் குறிப்பு
இளவேனில் – பண்புத்தொகை. காற்றும் மலையும் – எண்ணும்மை. மீண்ட காடு – பெயரெச்சம். செல்வோர் – வினையாலணையும் பெயர்

உறுப்பிலக்கணம்
உதிர்க்கின்றன = உதிர் + க் + கின்று + அன் + அ
உதிர் – பகுதி; க் – சந்தி; கின்று – நிகழ்கால இடைநிலை; அன் – சாரியை; அ – பலவின்பால் வினைமுற்று விகுதி

குறுவினா
1. கோஸ்டா ரிக்கா மக்கள் ஏப்ரல் மாதத்தைக் கோடை என்பது ஏன்?
2. யிக்விரோ பறவை குறித்த உழவர் நம்பிக்கை யாது?

சிறுவினா
1. இலையுதிர்ந்த மரம் பூப்பதால் விளையும் பயன்களை விளக்குக.
2. ‘காப்பகத்தின் எல்லையைப் பறவை அறியாது’ – இடஞ்சுட்டிப் பொருள் விளக்குக.

நெடுவினா
பொன் தேரையின் மறைவையும் காடுகளின் மீட்சியையும் ஒப்பிட்டு, இயற்கையைக் காப்பதில் அரசு, மக்கள், மாணவர் ஆகியோரின் பங்கினைத் தொகுத்து எழுதுக.