மருத்துவர் வீட்டு நிலவரம் கேட்பதும் இயந்திரம் அதைத் தொகுப்பதும்

நீரிழிவுக்கு மருந்து பெற வந்தவரிடம், வீட்டில் குளிர்சாதனப் பெட்டி உள்ளதா, பகலில் உடனிருப்பவர் யார், இரவுப் பணி உண்டா எனக் குடும்ப மருத்துவர் வினவுவார். இது வம்புப் பேச்சன்று. திறக்கப்படாத இன்சுலின் குப்பியை 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையில் வைக்க வேண்டும். அவ்வசதி இல்லாத வீட்டிற்கு மருந்துச் சீட்டு மட்டும் போதாது. வருவாய், கல்வி, குடியிருப்பு, தொழில் ஆகியவை உடல்நலத்தில் ஏற்றத்தாழ்வுகளை உண்டாக்குவதை உலக சுகாதார நிறுவனம் அமைத்த ஆணையம் 2008ஆம் ஆண்டு அறிக்கையில் விரிவாக எடுத்துரைத்தது. நோய்களின் பன்னாட்டு வகைப்பாட்டின் 10ஆம் பதிப்பில் இத்தகைய சூழல்களுக்கெனத் தனிக் குறியீடுகளே உள்ளன. ஆயினும் நெரிசல் மிகுந்த புறநோயாளர் பிரிவில் இவற்றைக் கேட்டுப் பதிவதற்கு நேரம் வாய்ப்பது அரிது.

அந்த நேரக்குறையை ஈடுசெய்யவே செயற்கை நுண்ணறிவு பயன்படுத்தப்படுகிறது. காத்திருக்கும்போது திரையில் வினாக்களைக் கேட்பது ஒரு முறை. மருத்துவர் எழுதிய குறிப்புகளைப் படித்தோ, நோயாளியுடன் அவர் நிகழ்த்தும் உரையாடலைக் கேட்டோ, ‘தனியாக வசிப்பவர்’, ‘புகைப்பவர்’ என்பன போன்ற செய்திகளைத் தாமே திரட்டுவது மற்றொன்று. முகம் பார்த்துச் சொல்லக் கூசும் வறுமையைத் திரையில் தயங்காது குறிப்பிடுவோரும் உண்டு. இது நன்மையே.

எனினும் சொல்லை அறிவது வேறு, சூழலை அறிவது வேறு. “வீட்டில் நான்கு பேர் இருக்கிறோம்” என்று மூதாட்டி ஒருவர் கூறினால், துணை உண்டு என இயந்திரம் பதியக்கூடும். மகனும் மருமகளும் வேலைக்கும் பேரன் பள்ளிக்கும் சென்றபின், மாலைவரை அவர் தனியே இருப்பது அப்பதிவில் இராது. சர்க்கரை அளவு திடீரெனக் குறைந்தால் அவருக்கு உதவ ஆளில்லை என்பதே மருத்துவர் அறியவேண்டிய செய்தி. “அப்பாவுக்குக் குடிப்பழக்கம் இருந்தது” என்ற சொல், தவறுதலாக நோயாளியின் பழக்கமாகவே ஏறிவிடவும் கூடும். அடுத்து வரும் மருத்துவர் அதை மெய்யென்றே கொள்வார். கணவர் அருகில் அமர்ந்திருக்க, “வீட்டில் பிரச்சினை ஏதும் இல்லை” என்று தலைகுனிந்து கூறும் பெண்ணின் தயக்கத்தை எழுத்துப் பதிவு காட்டாது. அனுபவமுள்ள செவிலியர் அதை உடனே உணர்வார். ஆதலால் இயந்திரத்தின் தொகுப்பை வரைவாக மட்டுமே கொள்ளவேண்டும் என்பது எங்கள் கருத்து.

உரையாடல் பதிவாகிறதா, எதற்காக, யார் யார் பார்ப்பர் என்று தயங்காமல் கேளுங்கள். விருப்பமில்லையெனில் மறுக்கலாம், மறுத்தமைக்காகச் சிகிச்சை குறைக்கப்படலாகாது. நம் நாட்டின் எண்முறைத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023, பிழையான தரவைத் திருத்தக் கோரும் உரிமையை வகுத்துள்ளது. உங்களைப் பற்றிய தொகுப்பைத் தமிழில் படித்துக் காட்டுமாறு மருத்துவரைக் கேட்கலாம். குடும்பத்தார் முன்னிலையில் சொல்ல இயலாத செய்தி இருப்பின், “தனியே பேச வேண்டும்” என்று செவிலியரிடம் கூறினால் போதும். காரணம் சொல்லத் தேவையில்லை.