கறுப்புப் பொடியைக் கையாளப்போகிற பிள்ளைக்கு

1. வினை முடிந்ததும் வேலை முடிந்தது என்று இருந்துவிடாதே, கண்ணு. ஹைட்ரஜனேற்றத்தில் வடிகட்டும் நேரம்தான் கண்டம். ஹைட்ரஜனைக் குடித்த பல்லேடியம்-கரி வினையூக்கி, அந்தக் கறுப்புப் பொடி, காற்றுப் பட்டு உலர்ந்தால் தானாகப் பற்றிக்கொள்ளும். முதலில் நைட்ரஜனை விட்டு ஹைட்ரஜனை விரட்டு. வடிகட்டப் பரப்பிய செலைட் தூள் படுகைமேல் எப்போதும் திரவம் நிற்கட்டும். ஒருநாள் சாயங்காலம், பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் ஒரு பையன் பம்பை ஓடவிட்டுக் கை கழுவப் போனான். வடிதாளின் ஓரத்தில் ஒரு சிவப்புப் பொட்டு. அடுத்த கணம், கண்ணுக்குச் சரியாகத் தெரியாத மெத்தனால் சுவாலை. புனலை மூடி அணைத்தோம். பஸ் போய்விட்டது, வேறென்ன.

2. வடிகட்டி மீட்ட பொடியைத் தண்ணீருக்கடியில் வை. எந்த வினையில் இருந்தது, எப்போது எடுத்தது என்று எழுதி ஒட்டு. கந்தகம் பட்டதைத் தனியே வை. அது இனி உனக்கு உழைக்காது. ஆனாலும் உலோகம் அதில்தான் இருக்கிறது. சுத்திகரிப்பவர்கள் கரியை எரித்து, ராஜதிராவகத்தில் கரைத்து எடுத்துவிடுவார்கள். அது உன் வேலையல்ல.

3. மீட்ட வினையூக்கியை மறுபடி மறுபடி போட்டு, ஐந்து சுற்று, ஐந்திலும் 95 சதவீத விளைச்சல் என்று அட்டவணை போட ஆசை வரும். ஒரு மணியில் முடிகிற வினையைப் பன்னிரண்டு மணி ஓடவிட்டால், வினையூக்கி பாதி செத்திருந்தாலும் அதே 95தான் வரும். பாதி வழியில் நிறுத்தி வேகத்தைப் பார். சூட்டோடு வடிகட்டி, தெளிந்த திரவத்தை மறுபடி சூடாக்கு. வினை தொடர்ந்தால் உலோகம் கரைந்து வெளியேறியிருக்கிறது. தொடராவிட்டாலும் துள்ளாதே, கரைந்தது வடிகட்டும்போதே கரியில் திரும்ப ஒட்டியிருக்கலாம். வடிநீரில் எவ்வளவு உலோகம் என்று அளக்கக் கொடு. செய்வது வாய்வழி மருந்தானால், நாளொன்றுக்கு 100 மைக்ரோகிராம் பல்லேடியம்தான் பொறுப்பார்கள்.

4. 2003இல் நிக்கோலஸ் லெட்பீட்டரின் குழு, வழக்கமாகப் பல்லேடியம் கேட்கும் சுசுகி இணைப்பு வினை உலோகமே இல்லாமல் நடக்கிறது என்று எழுதியது. 2005இல் அதே குழு, கடையில் வாங்கிய சோடியம் கார்பனேட்டில் நூறு கோடியில் 50 பங்கு பல்லேடியம் இருந்தது, வேலை செய்தது அதுதான் என்று தானே அச்சில் சொன்னது. இரண்டாவது கட்டுரையை முதலில் படி. அப்படிச் சொல்வதற்கு எத்தனை பேருக்கு நெஞ்சு வரும்? நீயும் புதுக் குடுவை, புதுக் காந்தக் கோல் எடுத்து, வினையூக்கி போடாமல் ஒருமுறை ஓட்டிப் பார். பழைய கோலின் கீறல்களில் உலோகம் ஒளிந்திருக்கும்.

5. வடிதாளைக் குப்பையில் எறியாதே. ஈரத்தோடே மூடிபோட்ட தனி டப்பாவில் போட்டு, அன்றைக்கே ஒப்படைத்துவிடு. காலையில் தொட்டியைக் கவிழ்க்கிற அக்காவுக்கு அதில் என்ன கிடக்கிறதென்று தெரியாது.