பெட்ரோல் அழுத்தமானியைக் கழற்றும் முறை
மோட்டார் பட்டறை வாலிபர்களுக்கு ஒரு பாடம்

பசுமலை வழியாகத் திருமங்கலம் செல்லும் சாலையில், ஒரு பட்டறையில் நாம் அண்மையில் கண்ட காட்சி இது. கார் ஒன்றின் பெட்ரோல் அழுத்தத்தைச் சோதித்து முடித்த வாலிபர், என்ஜினை நிறுத்திய மறுகணமே அழுத்தமானியின் இணைப்பைத் திருகினார். பெட்ரோல் பீறிட்டு அவர் முகத்தில் தெறித்தது. சூடான என்ஜின் மீதும் சிந்தியது. தீப்பற்றாதது நற்பேறேயாகும். "என்ஜின்தான் நின்றுவிட்டதே, ஐயா!" என்றார் அவர். பிழை அந்த எண்ணத்தில்தான் இருக்கிறது.

பழைய கார்புரேட்டர் கார்களில் பெட்ரோல் பம்பின் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு அரைக் கிலோவைக்கூடப் பொதுவாக எட்டாது. குழாயைக் கழற்றினால் சில துளிகள் சொட்டும், அவ்வளவே. இன்ஜெக்டர் பொருத்திய இன்றைய கார்களில் அது பெரும்பாலும் 3 கிலோ அளவில் இருக்கும். டயரில் நாம் அடைக்கும் காற்றின் அழுத்தத்தினும் அதிகம். அன்றியும், என்ஜின் நின்ற பின்னரும் அவ்வழுத்தம் குழாயில் தங்கும்படி அமைத்துள்ளனர். 2020 ஏப்ரல் 1 முதல் பாரத் நிலை 6 விதிகள் நடைமுறைக்கு வந்தபின், மோட்டார் சைக்கிள்களிலும் இம்முறை பரவிவிட்டது. ஆதலின் பழைய கைப்பழக்கத்தை விடுதல் அவசியமாகும்.

கழற்றும் முறை வருமாறு:

1. காற்றோட்டமான இடத்தில் வண்டியை நிறுத்துக. பீடி, அடுப்பு, வெல்டிங் எதுவும் அருகில் ஆகாது. பெட்ரோல் ஆவி காற்றினும் கனமானது. தரையிலும் குழியிலும் தேங்கும்.

2. பெட்ரோல் பம்பின் பியூஸை எடுத்துவிட்டு என்ஜினைக் கிளப்புக. குழாயில் மிஞ்சிய பெட்ரோல் தீர்ந்து அது தானே நிற்கும். மீண்டும் சில விநாடிகள் ஸ்டார்ட்டரைச் சுழற்றிச் சாவியை அணைக்க.

3. என்ஜின் ஆறும்வரை பொறுத்திருந்து, பாட்டரியின் நெகட்டிவ் இணைப்பைக் கழற்றுக. டாங்க் மூடியையும் சிறிது திறந்து மூடுக.

4. அழுத்தமானியின் முள் பூஜ்யத்திற்கு வந்ததா எனக் காண்க. வந்தாலும் குழாயில் பெட்ரோல் எஞ்சியிருக்கும். எனவே கண்ணாடி அணிந்து, இணைப்பைத் துணியால் சுற்றி, மெல்லத் தளர்த்துக. வடிவதை உலோகப் பாத்திரத்தில் ஏந்துக.

5. பழைய குழாயைப் புதிய வாஷருடன் பூட்டுக. சிந்தியதைத் துடைத்து, ஆவி கலைந்த பிறகே பாட்டரியையும் பியூஸையும் இணைக்க. என்ஜினைக் கிளப்பாமல் சாவியை இரண்டு மூன்று முறை போட்டு, கசிவு உண்டா எனப் பார்த்தல் வேண்டும்.

காமன் ரெயில் டீசல் வண்டிகளுக்கு இம்முறை பொருந்தாது. அவற்றின் அழுத்தம் 1,000 கிலோவையும் தாண்டும். பீறிடும் டீசல் தோலைத் துளைத்துவிடும்.

பட்டறைதோறும் உலர்தூள் தீயணைப்பானும் மணல் வாளியும் இருத்தல் வேண்டும். பெட்ரோல் நெருப்பில் தண்ணீர் ஊற்றலாகாது. பெட்ரோல் நீரின்மேல் மிதந்து தீயைப் பரப்பும். இவ்வளவுக்கும் தேவைப்படுவது சிறிது நேரப் பொறுமையே. தொழில் கற்கும் நம் வாலிபர்கள் ஸ்பானர் பிடிக்கக் கற்கும்போதே இப்பொறுமையையும் கற்பார்களாக.