துப்பாக்கிக்கு எந்த எண்ணெய்? ஓடுகிற எண்ணெயும் காத்திருக்கிற எண்ணெயும்

லூப்ரிகேஷன் என்று சொன்னவுடனே நம்ம மெக்கானிக்கல் ஆளுங்களுக்கு ஞாபகம் வருவது ஜர்னல் பேரிங்தான். பி.எஸ்.ஜி. டேட்டா புக்கைத் திற, சோமர்ஃபெல்டு எண்ணைக் கண்டுபிடி, சார்ட்டைப் பார், விடையை எழுது, முடிஞ்சது. அந்தக் கணக்கில் தண்டு எப்பவும் சுத்திக்கிட்டே இருக்கும், எண்ணெயும் ஊறிக்கிட்டே இருக்கும். ஆனா ஒரு எந்திரம் மாசக்கணக்கா சும்மா கிடந்து, தேவைப்படுகிற ஒரு நொடியில் மட்டும் சரியா ஓடணும்னா? கைத்துப்பாக்கி அப்படிப்பட்ட எந்திரம். டேட்டா புக்கில் அதுக்குச் சார்ட் கிடையாது.

மாயவரத்துப் பசங்களுக்கும் துப்பாக்கிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். என்.சி.சி.யில் இருப்பவர்கள் .22 ரைஃபிளைச் சுட்டிருப்பீர்கள். சுட்ட பிறகு புல்த்ரூவில் சிந்தித் துணியை மாட்டிப் பேரலை இழுத்து இழுத்துத் துடைத்ததும் ஞாபகம் இருக்கும். பேங்க் வாசலில் காவலாளி, அமைச்சர் பக்கத்தில் சஃபாரி போட்ட பாதுகாப்புக் காவலர் என்று தினமும் பார்க்கிறோம். கும்பகோணம், தஞ்சாவூர் தாண்டினால் திருச்சி. அங்கே 1966-ல் தொடங்கிய படைக்கலத் தொழிற்சாலை இன்னைக்கும் சிறு ஆயுதங்கள் செய்கிறது. 'ட்ரைபாலஜி' என்ற சொல்லும் பிரிட்டனில் பீட்டர் ஜோஸ்ட் அறிக்கை வழியாக அதே 1966-ல்தான் புழக்கத்துக்கு வந்தது. தற்செயல்தான், ஆனா நல்ல பொருத்தம்.

இப்போ ரெண்டு துப்பாக்கியை மனசில் வைத்துக்கொள்வோம்.

முதலாவது போட்டித் துப்பாக்கி. 25 மீட்டர் ரேபிட் ஃபயர் பிஸ்டல். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் விஜய்குமார் வெள்ளி வாங்கினாரே, அந்தப் போட்டி. ஐந்து இலக்கு, ஐந்து குண்டு; முதலில் 8 நொடி, அப்புறம் 6, கடைசியில் 4 நொடி. நாலு நொடிக்குள் துப்பாக்கி ஐந்து தடவை தானாகவே பின்னால் போய், காலித் தோட்டாவைத் துப்பி, அடுத்ததை ஏற்றணும். எங்கேயாவது தயங்கினால் சுடுபவரின் தாளம் போச்சு. ஆனா இந்தத் துப்பாக்கிக்கு ஒரு வசதி உண்டு: முந்தின நாள் ராத்திரி உட்கார்ந்து கழற்றித் துடைக்கலாம், காலையில் புதுசா எண்ணெய் விடலாம். அந்த எண்ணெய் சில மணி நேரம் உழைத்தால் போதும்.

இரண்டாவது, இடுப்பில் இருக்கும் துப்பாக்கி. காவலரின் 9 எம்.எம். பிஸ்டலாக இருக்கலாம், லைசென்ஸ் வாங்கியவரின் .32 ரிவால்வராக இருக்கலாம். (9 எம்.எம். நம்ம நாட்டில் தடை செய்யப்பட்ட போர், பொதுமக்களுக்குக் கிடைக்காது.) இது பெரும்பாலும் சுடுவதே இல்லை. வேர்வை படும், சட்டைப் பஞ்சு ஒட்டும், உறைக்குள்ளேயே கிடக்கும். நம்ம ஊர் நடைமுறை ஒன்றும் இருக்கு: தேர்தல் அறிவிச்சாச்சுன்னா லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருப்பவர்களில் பலர் அதைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்க வேண்டிவரும். 2024 மக்களவைத் தேர்தலுக்கு மார்ச் 16-ல் நடத்தை விதி அமலுக்கு வந்தது, ஓட்டு எண்ணியது ஜூன் 4. எண்பது நாள், அதுவும் கத்திரி வெயிலோடு சேர்த்து. அந்த எண்பது நாளும் உள்ளே விட்ட எண்ணெய் என்ன ஆகியிருக்கும்?

'எது ரொம்ப வழுக்கும்?' என்பதுதான் எல்லோரும் கேட்கிற கேள்வி. என்னைக் கேட்டால் அதை ரெண்டாவதாகக் கேட்கலாம். முதலில் கேட்க வேண்டியது, 'இந்த எண்ணெய் எத்தனை நாள் காத்திருக்கணும்?'

வழுக்கலையும் விட்டுவிடாமல் ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்ப்போம். பிஸ்டலின் ஸ்லைடு ரெயிலில் ஓடுகிறது. நடுவில் இருக்கும் எண்ணெய்ப் படலம் எவ்வளவு இழுக்கும்? பாகுநிலை, பரப்பு, வேகம் மூன்றையும் பெருக்கி, படல தடிமனால் வகுத்தால் இழுவிசை. முதலாம் ஆண்டிலேயே படித்த நியூட்டன் விதி. தோராயமாகப் பரப்பு 4 சதுர செ.மீ., படலம் 50 மைக்ரான் என்று வைத்துக்கொள்வோம். .22 பிஸ்டலின் ஸ்லைடு 200 கிராம், வேகம் நொடிக்கு 4 மீட்டர். அதன் இயக்க ஆற்றல் 1.6 ஜூல். மெல்லிய எண்ணெயின் பாகுநிலை 0.015 பாஸ்கல்-நொடி என்றால் இழுவிசை 0.48 நியூட்டன். 4 செ.மீ. ஓட்டத்தில் இழப்பது 0.02 ஜூல்கூட இல்லை. கெட்டியான கிரீஸ் போட்டு, அது வேகத்தில் இளகிய பிறகும் 0.3 என்று எடுத்தால் 9.6 நியூட்டன், இழப்பு 0.38 ஜூல். மொத்த ஆற்றலில் கிட்டத்தட்ட கால்வாசி! ஸ்பிரிங்கை அமுக்கவும் தோட்டாவை வெளியே இழுக்கவும் மிச்சத்தை வைத்துத்தான் சமாளிக்கணும்.

அதே கிரீஸ் 9 எம்.எம்.மில்? ஸ்லைடு 450 கிராம், 6 மீட்டர் வேகம், 8.1 ஜூல். இழப்பு 0.58 ஜூல், 7 சதவீதம். அது பாட்டுக்கு ஓடிடும். எண்கள் எல்லாம் கணக்குக்காக எடுத்தவைதான், உங்கள் துப்பாக்கிக்கு மாறும். ஆனா விகிதம் சொல்லும் சேதி மாறாது: ஆற்றல் குறைந்த .22-க்கு மெல்லிய எண்ணெய், முட்டி மோதி ஓடும் கனமான ஸ்லைடுக்குக் கிரீஸ் தாங்கும். 'கிரீஸ் நல்லதா, எண்ணெய் நல்லதா' என்று பொதுவாகச் சண்டை போடுவது வீண்.

இன்னொரு விஷயத்தை இந்தக் கணக்கு மறைக்கிறது. ஸ்லைடு ஒவ்வொரு தடவையும் ரெண்டு முனையில் நின்று திரும்புகிறது. நிற்கிற இடத்தில் வேகம் பூஜ்யம். படலம் தாங்காது, உலோகம் உலோகத்தைத் தொடும். ஸ்டிரிபெக் வளைவின் இடது ஓரம், அதாவது பவுண்டரி லூப்ரிகேஷன். அங்கே காப்பாற்றுவது பாகுநிலை கிடையாது. எண்ணெயில் கலந்திருக்கும் தேய்மானத் தடுப்புச் சேர்மங்கள், மாலிப்டினம் டைசல்ஃபைடு மாதிரியான திடப்பொருள்கள்தான் காப்பாற்றும்.

சரி, வீட்டில் கிடக்கும் பாட்டில்களுக்கு வருவோம்.

தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறையும். மார்கழி காலையில் பாட்டிலைக் கவிழ்த்தால் விழாதே, அதேதான் ரெயிலிலும் நடக்கும். நல்லெண்ணெய் இன்னும் மோசம். காற்றுப் பட்டுப் பட்டுப் பிசினாகும். வடைச்சட்டி ஓரத்தில் சுரண்டினாலும் வராத பழுப்பு நிறப் படலம் இருக்கே, அது ட்ரிகர் ஊசிக்குள் இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். விளக்கெண்ணெய்க்கு மட்டும் கொஞ்சம் மரியாதை தரலாம். முதல் உலகப் போர் விமான எஞ்சின்களில் ஓடியது, காஸ்ட்ரால் என்ற பெயரே அதன் ஆங்கிலப் பெயரிலிருந்து வந்தது. ஆனாலும் அது எஞ்சினில் எரிந்து வெளியேறிப் புதுசு வந்துகொண்டே இருக்கும் ஏற்பாடு; ரிவால்வருக்குள் தேங்கி நிற்க ஆகாது.

இந்தப் பிசின் தொல்லையால்தான் கனிம எண்ணெய் ஜெயித்தது. பிரிட்டிஷ் ராணுவம் தன் துப்பாக்கிகளுக்கு வைத்திருந்த எண்ணெய்க்குப் பெயரே 'ரங்கூன் ஆயில்'. பர்மாவின் பெட்ரோலியத்திலிருந்து வந்தது. நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறி நம்ம டெல்டா ஆளுங்க பிழைக்கப் போன அதே ரங்கூன்! தாவர எண்ணெய் மாதிரிக் காயாது, கெட்டியாகாது, காத்திருக்கும்.

தையல் மிஷின் எண்ணெய் அந்த வம்சம்தான். சுத்தமான, மெல்லிய கனிம எண்ணெய். போட்டிக்கு முன் விட்டு, முடிந்ததும் துடைப்பதாக இருந்தால் தாராளமாகப் போதும். துருத் தடுப்பு அதில் பெருசா இருக்காது, அதனால் இடுப்புத் துப்பாக்கிக்கு வேண்டாம். பைக்குக்கு ஊற்றும் 20டபிள்யூ-40 ஆயில் நேர் எதிர்: சேர்மங்கள் நல்லாவே இருக்கும், ஆனா 40 டிகிரியில் 100 சென்டிஸ்டோக்குக்கு மேல். 9 எம்.எம். பொறுத்துக்கொள்ளும், .22 முனகும்.

டபிள்யூ.டி.-40? அது தண்ணீரை விரட்டச் செய்த சாமான். பெயரின் அர்த்தமே அதுதான், நாற்பதாவது முயற்சியில் கிடைத்ததாம். 1953-ல் ராக்கெட் தொழிலுக்காக உருவானது. மழையில் நனைந்த துப்பாக்கியில் அடித்துத் தண்ணீரை வெளியேற்றலாம். அதிலுள்ள கரைப்பான் ஆவியான பிறகு மிச்சம் இருப்பது ரொம்ப மெல்லிய படலம். அதை நம்பி மூணு மாசம் உறையில் போடக் கூடாது.

ராணுவங்கள் கடைசியில் போய் நின்றது சி.எல்.பி. என்ற வகையில். சுத்தம் செய், உராய்வைக் குறை, துருவைத் தடு, மூன்றும் ஒரே பாட்டில். மூன்றிலும் முதல் மார்க் வாங்காது, மூன்றிலும் பாஸ். இடுப்பில் வைக்கும் துப்பாக்கிக்கு என் ஓட்டு இதுக்குத்தான்.

ஏன் துருவைப் பற்றி இவ்வளவு பேசுகிறேன் என்றால், நம்ம இடம் அப்படி. ஒரு பக்கம் தரங்கம்பாடி, பூம்புகார் உப்புக் காற்று. ஐப்பசி பிறந்தால் துணியே காயாத ஈரம். அதுக்கு மேல் வேர்வையின் உப்பு. மெக்சிகோ பாலைவனத்துக்காரர் எழுதிய ஆலோசனை இங்கே செல்லாது. நெல்வயலும் மழையுமான இன்னொரு நாட்டில் இது உயிர்ப் பிரச்சினையாகவே ஆனது. வியட்நாமில் அமெரிக்க வீரர்களின் எம்-16 ரைஃபிள்கள் சண்டைக்கு நடுவில் சிக்கி நின்றன, ஆட்கள் செத்தார்கள். 1967-ல் அந்நாட்டு நாடாளுமன்றக் குழு விசாரித்தது. வெடிமருந்து மாற்றப்பட்டிருந்தது, சேம்பருக்குக் குரோம் பூச்சு இல்லை, துடைக்கும் சாமான் போதுமான அளவு தரப்படவில்லை. சேம்பரில் துரு பிடித்தால் அதை எந்த எண்ணெயும் மூடி மறைக்காது. சேம்பரும் பேரலும் சுடும்போது உலர்ந்துதான் இருக்கணும். எண்ணெய் இருந்தால் தோட்டா உறை சேம்பர் சுவரைப் பிடிக்காமல் பின்னால் அதிகமாக இடிக்கும். தோட்டா மேலும் எண்ணெய் படக் கூடாது, ஊடுருவும் எண்ணெய் பிரைமருக்குள் போனால் வெடிக்காமல் போகலாம்.

அளவும் முக்கியம். கைதொடும் வெளிப்பரப்பில் எண்ணெய்த் துணியால் ஒரு துடைப்பு. ரெயிலில் பக்கத்துக்கு ஒரு சொட்டு, பேரல் உரசும் இடத்தில் ஒரு சொட்டு. ரிவால்வர் என்றால் உருளை சுழலும் அச்சு, தள்ளுகம்பி, சுத்தியின் ஊசி. தள்ளுகம்பித் தலையின் அடிப்பக்கம் மட்டும் காய்ந்தே இருக்கட்டும், அங்கே எரியாத மருந்துத் துகள் ஒட்டினால் உருளை மூடாது. போட்டித் துப்பாக்கிக்கு இதைவிடத் தாராளம் காட்டலாம். இதெல்லாம் மேகசினைக் கழற்றி, சேம்பரைக் கண்ணாலும் விரலாலும் ரெண்டு தடவை பார்த்த பிறகு. லைசென்ஸ் உள்ளவரின் துப்பாக்கியை அவர் முன்னால் தவிர யாரும் தொடக் கூடாது என்பதைத் தனியாகச் சொல்லணுமா என்ன.

10 மீட்டர் ஏர் பிஸ்டலில் ஆரம்பிக்கப் போகிறவர்களுக்கு விதி வேறு. ஸ்பிரிங் வகையில் காற்று அமுங்கும் அறைக்குள் பெட்ரோலிய எண்ணெய் விடவே கூடாது; அமுங்கிய காற்றின் சூட்டில் டீசல் எஞ்சின் மாதிரிப் பற்றி எரிந்து வாஷரைத் தின்றுவிடும். ரப்பர் வளையங்களுக்குத் தயாரிப்பாளர் சொன்ன சிலிகான் கிரீஸ். அந்தச் சிலிகானை எடுத்துப் பிஸ்டல் ரெயிலில் தடவாதீர்கள், இரும்பும் இரும்பும் அழுத்தி உரசும் இடத்தில் அது தாங்காது.

துப்பாக்கியே இல்லாமல் இதை நம்ம லேபில் சோதிக்கலாம். ஒர்க்‌ஷாப்பில் மைல்டு ஸ்டீல் பட்டைத் துண்டு ஆறு வாங்கி, எமரித் தாளில் பளபளக்கத் தேய்த்து, அசிட்டோனில் துடையுங்கள். தேங்காய், தையல் மிஷின், 20டபிள்யூ-40, டபிள்யூ.டி.-40, கிடைத்தால் ஒரு சி.எல்.பி., ஆறாவது ஒன்றும் தடவாதது. ஒரே அளவு சொட்டு, ஒரே துணித் துடைப்பு. முறையான உப்புத்தூவல் சோதனைக்கு 5 சதவீத உப்புநீரும் 35 டிகிரி சூட்டுப் பெட்டியும் வேண்டும். நமக்கு அதே செறிவில் ஒரு ஸ்பிரே பாட்டிலும், மழை நேராகப் படாத ஹாஸ்டல் மாடி ஓரமும் போதும். காலையும் மாலையும் ஒரு தடவை தூவி, தினமும் போட்டோ எடுங்கள். கூடவே இன்னொரு செட்டை உப்பு இல்லாமல், பழைய பனியன் துணியில் சுற்றி அலமாரியில் எண்பது நாள் வையுங்கள். அந்த செட்டின் படங்கள் வந்தால் அடுத்தடுத்த இதழ்களில் போட இடம் வைத்திருக்கிறோம்.